காட்டைச் சும்மா விட்டாலே வளர்ந்துவிடுமே, ஆராய்ச்சி எதற்கு?

வாசகர் கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் கெப்போங் காட்டுக்குப் போன மாதம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலம் என்ற பட்டம் கிடைத்ததாமே, சந்தோஷம். ஆனால் ஒன்று புரியவில்லை. நம் நாட்டில் கூரைத் தகரத்தின் மேல்கூட செடி முளைக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. அழிந்த காட்டை வேலி போட்டு விட்டுவிட்டால் இருபது வருடத்தில் தானாக வந்துவிடும். அவசரம் என்றால் ஆளுக்கு நாலு கன்று நட்டால் போச்சு. இதற்கு ஒரு ஆராய்ச்சி நிலையம், அதற்கு நம் வரிப்பணம், எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

10 ஆகஸ்ட், காலை

பாதி சரி. மீதியைப் பேசுவோம். முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் துப்பறிந்து போட வேண்டாம்: ராவாங் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன், காட்டு மரக் கன்றுகள் வளர்த்து விற்கிறேன், எங்கே மரம் நடு விழா நடந்தாலும் என் கல்லாவுக்கு நல்லது. அப்படிப்பட்டவனே சொல்கிறேன், ஆளுக்கு நாலு கன்று நட்டால் போச்சு என்றீர்களே, பல இடங்களில் நிஜமாகவே போச்சு.

கெப்போங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே காடு கிடையாது. வெள்ளீயம் தோண்டிப்போட்ட நிலமும் காய்கறித் தோட்டமும்தான். இன்று உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும், நடுவில் வளைந்து வளைந்து வானம் தெரியும். அதைப் படம் எடுக்க சனி ஞாயிறு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது ஆள் வைத்து நட்ட காடு என்று தெரியாது. பல இன மரங்களைத் தனித்தனிப் பாத்தியாக நட்டு, எது எந்த மண்ணில் பிழைக்கிறது என்று எழுதி, செத்ததையும் எழுதி வைத்து வந்த காடு. நூறு வருடம் ஆகப்போகிறது. யுனெஸ்கோ கொடுத்த பட்டமும் அதற்குத்தான்.

10 ஆகஸ்ட், இரவு

லம்பத்து மண்ணில், அதாவது ஈயச் சுரங்கம் இருந்த மண்ணில், அப்படி என்ன கோளாறு என்று கேட்டவருக்கு.

நான் வளர்ந்தது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள். ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் லம்பக் குட்டை. ஈயம் எடுப்பது என்றால் மண்ணைத் தண்ணீர் அடித்துக் கரைப்பது, கனமான ஈயம் அடியில் தங்கும், மற்றதெல்லாம் ஓடும். ஓடுகிற தண்ணீர் அந்த மண்ணைப் பிரித்துப் போட்டுவிடும். மணல் ஒரு பக்கம் மேடாக நிற்கும், களி நைசான சேறாகப் பள்ளத்தில் போய்ப் படியும். ஒரே லம்பத்தில் இரண்டு விதமான கெட்ட நிலம். மணல் மேட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மணல்தான். சத்து கிடையாது, மழைத் தண்ணீர் நிற்காது, உரம் போட்டால் அடுத்த மழையில் உரமும் கீழே போய்விடும். மத்தியானத்தில் சிலிப்பர் போட்டு நடந்தாலும் பாதம் சுடும், ஓரத்தில் வழியும் மணல் விரல் இடுக்கில் ஏறினால் நொண்டிக்கொண்டே ஓடுவோம். அதில் பிஞ்சு வேர் என்ன செய்யும்? பக்கத்துச் சேற்றுக் குழியிலோ நேர்மாறு, வேர் மூச்சு விட முடியாமல் அழுகும்.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடினார்கள். அதன் பிறகு பல இடங்களில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் சொல்கிற இருபது வருடம் இரண்டு தடவை ஓடிவிட்டது. வாருங்கள், காட்டுகிறேன்: லாலான் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதர், நடுவில் இன்னமும் வெள்ளை மணல்.

சரி, அதில் என்னதான் செய்வது? கெப்போங் நிலையத்துக்கு பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கம் ஓர் ஆய்வு இடம் இருக்கிறது, முழுக்க லம்பத்து நிலம். அங்கே செய்து பார்த்தது சுருக்கமாக: முதலில் வெயில் தாங்குகிற, காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கிற அகேசியா. அது நிழல் தந்து, இலை கொட்டி, தரை கொஞ்சம் குளிர்ந்த பிறகு அதன் கீழே மெராவான், கப்பூர் வகை நம் காட்டு மரங்கள். இந்த மரங்களின் வேருக்கு ஒரு பூஞ்சைத் துணையும் வேண்டும், அது லம்பத்து மணலில் இருக்காது, காட்டு மண்ணோடு கன்றின் வேரில் போக வேண்டும். அதனால்தான் நான் பாலிபேக்கில் காட்டு மண்ணைக் கொஞ்சம் கலக்கிறேன். வாங்குகிறவர்கள் "அழுக்காக இருக்கிறதே" என்பார்கள்.

12 ஆகஸ்ட்

சிரம்பான் தம்பி ஒரு கட்டுரையைச் சுட்டியிருக்கிறார், சபாவில் காடு தானாகவே வளர்கிறது என்று. நல்ல ஆய்வு, 2020-இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஆனால் தம்பி தலைப்போடு நிறுத்திவிட்டார் போல. மரம் வெட்டப்பட்ட காட்டைச் சும்மா விட்டால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 2.9 டன் கார்பன் சேர்ந்தது. கொடிகளை வெட்டி, நல்ல மரக் கன்றுகளை இடையிடையே நட்டுப் பராமரித்த பகுதியில் 4.4 டன். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரி என்று நான் எழுதியது இதைத்தான். வெட்டினாலும் மேல்மண் இருக்கிறது, தாய் மரங்கள் மிச்சம் இருக்கின்றன, விதை தூக்குகிற பறவை இருக்கிறது என்றால் காடு வரும். விட்டாலும் வரும், கை கொடுத்தால் சீக்கிரம் வரும். எந்த நிலம் அப்படி, எந்த நிலம் லம்பம் மாதிரி என்று பிரிக்கத்தான் ஆள் வேண்டும். பச்சையாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது.

12 ஆகஸ்ட், பின்குறிப்பு

அகேசியாவைப் பற்றி மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள். ஆமாம், அது ஆஸ்திரேலியா, பாப்புவா பக்கத்து மரம். ஆமாம், விதை தெறித்துப் பரவும், ரோட்டோரம் எல்லாம் பார்க்கிறோம். அதனால்தான் 'முதலில் அகேசியா' என்பதோடு கதை முடியக்கூடாது, கீழே இருக்கிற கன்று தலை தூக்கும்போது மேலே இருப்பதைக் கழிக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலைக்குத்தான் காசு ஒதுக்க மறந்துவிடுவார்கள். விழா முதல் வேலைக்கு மட்டும்தானே.

15 ஆகஸ்ட்

இனி பீட் நிலம். இது என் ஊர்க் கதை, நீளும்.

பெஸ்தாரி ஜெயாவை ஒட்டித்தான் ராஜா மூசா காப்புக்காடு. ஏறக்குறைய 23,000 ஹெக்டேர், 1990-இல் காப்புக்காடாக அரசிதழில் வந்தது. பீட் என்பதை மண் என்று சொல்வதே தப்பு. தண்ணீரில் ஊறிக் கிடப்பதால் மக்க முடியாமல் ஆயிரக்கணக்கான வருடமாகச் சேர்ந்த இலை, கட்டை, வேர். எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும், இழுத்தால் கால் மட்டும் வரும், பூட்ஸ் உள்ளே தங்கிவிடும்.

பழைய காலத்தில் மரம் வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்க விட்டு இழுக்கக் கால்வாய் தோண்டினார்கள். பிற்பாடு காட்டுக்குள் புகுந்து பயிர் வைத்தவர்களும் தோண்டினார்கள். தோண்டினால் தண்ணீர் வடியும். வடிந்தால் பீட் காய்ந்து சுருங்கித் தரையே கீழே இறங்கும், முதல் சில வருடம் வேகமாக, அப்புறம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டராக. ஒரேயடியாகக் காய்ந்துவிட்ட பீட் மறுபடி மழை பெய்தாலும் தண்ணீரை லேசில் குடிக்காது. அப்புறம் ஒரு சிகரெட் துண்டு போதும். தீ தரைக்கு அடியில் நகரும், மேலே அணைத்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போனால் நாலு நாள் கழித்து வேறு பக்கம் புகையும்.

இங்கே வேலி போட்டுச் சும்மா விட்டால் என்ன ஆகும்? பெரணியும் லாலானும் வரும், வறட்சி வரும், எரியும், மறுபடி பெரணி. கன்று நட்டாலும் அதே கதி, கன்றும் சேர்ந்து எரியும். அதனால் முதல் வேலை கால்வாயை அடைப்பது. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்கிற அமைப்பும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே செய்து வருவது அதைத்தான். கேட்டால் சுலபமாக இருக்கும். ஆனால் பீட் நிலம் நடுவில் மேடு, ஓரம் தாழ்வு, கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஒரே இடத்தில் பெரிய அடைப்புப் போட்டால் தண்ணீர் பக்கவாட்டில் பீட்டை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். மட்டம் அளந்து, இத்தனை இறக்கத்துக்கு ஒன்று என்று படிப்படியாகப் போட வேண்டும். வேலை நிலைத்ததா என்று அறிய ஒரு குழாய்.

அந்தக் குழாயை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாதாரண பிவிசி பைப், பக்கமெல்லாம் துளை, பீட்டைத் தாண்டி அடியில் இருக்கும் களிமண் வரை செருகியிருந்தது. ஒரு பையன் மெல்லிய ரப்பர் டியூப்பை வாயில் வைத்து ஊதிக்கொண்டே மறு நுனியைக் குழாய்க்குள் இறக்கினான். நுனி தண்ணீரைத் தொட்டதும் குளுகுளு என்று குமிழ்ச் சத்தம். அங்கே டியூப்பை விரலால் பிடித்து, டேப்பில் அளந்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்த குழாய்க்குப் போனான். இந்தோனேசியாவில் 2014-ஆம் ஆண்டு விதிமுறையில் எல்லையே வைத்தார்கள், பீட்டில் தண்ணீர் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்று. அந்த மாதிரி எண் ஒன்று சட்டத்தில் ஏறுவதற்குப் பின்னால் இப்படி ஊதிக்கொண்டு திரிந்த பையன்கள் எத்தனையோ. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டீர்களே ஐயா, இதற்கும் போகிறது.

தண்ணீர் ஏறிய பிறகு மஹாங் மரம் நடுவார்கள். வெயிலுக்கு அஞ்சாத மரம். தண்டுக்குள் எறும்பு குடியிருக்கும், பிடித்தால் கைமேல் ஏறும், மரத்துக்கு அதுதான் காவல். ஈரம் நிலைத்த இடங்களில் மஹாங் நடாமலே முளைப்பதும் உண்டு. அங்கே மட்டும் கேள்வி கேட்டவர் ஜெயித்துவிட்டார், தண்ணீரை நிறுத்திக் கொடுத்த பிறகு.

15 ஆகஸ்ட், கொசுறு

சண்டை மீன் பிடித்த ஞாபகம் யாருக்காவது இருக்கிறதா? லோங்காங் என்கிற சாக்கடை வாய்க்காலில் பிடித்து ஜாம் பாட்டிலில் வைத்து, அட்டை வைத்து மறைத்து, பள்ளிக்கூடத்தில் சண்டை விடுவோம். வட சிலாங்கூர் பீட் தண்ணீருக்கென்றே ஒரு சண்டை மீன் உண்டு, பெட்டா லிவிடா என்று 1992-இல் பெயர் வைத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லை. நாங்கள் பிடித்தது அதுதானா என்று கேட்காதீர்கள், அப்பா பாட்டிலோடு கொட்டிவிட்டார்.

16 ஆகஸ்ட்

"புகை எல்லாம் சுமத்ராவிலிருந்து வருகிறது, நம் காட்டைப் பழி சொல்லாதீர்கள்" என்று கிள்ளான் அண்ணன் கோபப்படுகிறார். அண்ணே, 2005 ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை போட்டார்களே, காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியது, அந்தப் புகையில் பெரும்பகுதி கடல் தாண்டி வந்ததுதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் வறட்சி மாதங்களில் நம் பக்கத்துப் பீட்டும் எரிகிறது, அதன் நாற்றம் பெஸ்தாரி ஜெயாக்காரனுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தான் வீடு எரிகிறது என்பதற்காக நம் அடுப்பை மறக்கலாமா?

19 ஆகஸ்ட்

ஏன் எல்லா மரம் நடு விழாவிலும் ஒரே வகைக் கன்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

மெராந்தி, கெருயிங், கப்பூர், செங்கால் இந்த வகை மரங்கள் வருடா வருடம் காய்க்காது. சில வருடம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று ஒரு வருடம் காடு முழுக்க ஒரே சமயத்தில் பூத்துக் கொட்டும். இரண்டு வருட இடைவெளியும் உண்டு, பத்து வருடமும் உண்டு. கொட்டிய விதையைச் சேமிக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும், குளிரில் வைத்தாலும் செத்துவிடும், சில நாளிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். நெல் விதை போலக் கோட்டையில் கட்டி வைக்க முடியாது. அந்த வாரங்களில் காட்டுக்குள் போய்ப் பொறுக்கினால் உண்டு, அதற்கும் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

இப்போது போன் வரும். பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். "ஆயிரம் மெராந்தி, அடுத்த வெள்ளிக்கிழமை, இடுப்பு உயரம், எல்லாம் ஒரே சைஸ்." ஏன் ஒரே சைஸ் என்றால் படத்தில் வரிசை நன்றாக இருக்குமாம். காய்ப்பு வந்து போய் வருடங்கள் ஆகியிருக்கும், என்னிடம் எங்கே இருக்கும்? முடியாது என்றால் வேறு நர்சரியில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போய் நடுவார்கள். அந்தக் கம்பெனிக்கு ஒரு முறை கன்று கொடுத்து, சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டிருந்தார்கள். பெயர்ப் பலகை மட்டும் நேராக நின்றது.

2021 தொடங்கி 2025 வரை பத்துக் கோடி மரம் என்று நாடு முழுக்க இயக்கம் நடந்தது. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை, எனக்கும் வியாபாரம் ஆனது. ஆனால் எண்ணப்பட்டது நட்ட கன்று. மூன்றாம் வருடம் போய் எத்தனை நிற்கிறது என்று எண்ணிச் சொல்வதற்கும் அதே மேடை போட வேண்டாமா?

எப்போது பூக்கும், எந்தக் கன்று எத்தனை வருடத்தில் சாகும் என்றெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நெகிரி செம்பிலானில் பாசோ காட்டுக்குள் 50 ஹெக்டேர் இடம் ஒன்று. 1980-களின் நடுவில் தொடங்கி ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு மேல் இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் தகர வில்லை மாட்டி அளந்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் மரங்கள், முதல் கணக்கிலேயே 814 இனம். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்று திரும்பப் போய் அதே மரங்களை அளக்கிறார்கள். இதைவிட அலுப்பான வேலை இருக்காது. ஆனால் மெராந்திக் கன்று நிழலில் எத்தனை காலம் காத்திருக்கும் என்று எனக்கு யாராவது சொன்னால் அது இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த விஷயம்தான்.

22 ஆகஸ்ட்

"நிலம் அரசாங்கத்துடையது, அவர்கள் நினைத்தால் நாளைக்கே விற்றுவிடுவார்கள், நீங்கள் குழாயில் ஊதிக்கொண்டிருங்கள்." இப்படி எழுதியவரைத் திட்ட மனம் வரவில்லை. நிலமும் காடும் மாநில அரசின் கையில். காப்புக்காடு என்று அரசிதழில் போட்டதை அதே அரசிதழில் நீக்கவும் முடியும்.

கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். 2020 பிப்ரவரியில் 930 ஹெக்டேர் சொச்சத்தை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதுவும் பீட் காடு, பக்கத்தில் தெமுவான் பூர்வகுடிகள். சிலாங்கூரில் 2011-இல் சட்டத்தைத் திருத்தியிருந்ததால் நீக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும், எதிர்ப்பு குவிந்தது. அப்படியும் 2021 ஆகஸ்டில் 536.7 ஹெக்டேர் நீக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. மறுபடி கூச்சல், செப்டம்பர் 8 அன்று முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருடம் கூட்டரசுச் சட்டத்திலும் கருத்துக்கேட்பும் மாற்று நிலமும் வேண்டும் என்று திருத்தம் வந்தது.

இதில் ஆராய்ச்சி எங்கே வருகிறது? காட்டை நீக்க வேண்டும் என்பவர்கள் சொல்கிற முதல் காரணத்தைக் கவனியுங்கள்: இது கெட்டுப்போன காடு, அடிக்கடி தீப்பிடிக்கிறது, வைத்து என்ன பயன். நாலு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிற அதிகாரிக்கு அது நியாயமாகத்தான் படும். எத்தனை பங்கு எரிந்தது, எத்தனை பங்கில் பெரிய மரம் நிற்கிறது, தண்ணீரை ஏற்றினால் ராஜா மூசாவில் என்ன நடந்தது என்று கையில் கணக்கு இருந்தால்தான் மேசையில் வைத்துப் பேச முடியும். கணக்கு இல்லாதவன் கூட்டத்தில் அழத்தான் முடியும். நம் ஆட்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது அவர்கள் அழுததைப் பார்த்தவன் நான், கோவில் எந்த வருடம் கட்டியது என்பதற்குக்கூட ஒரு தாள் இல்லை. அந்தக் கதை வேண்டாம், அதைத் தொட்டால் இந்த இழை இந்த வருடம் முடியாது.

26 ஆகஸ்ட்

பினாங்கு அக்கா கடலோரத்தைப் பற்றிக் கேட்டார். கடற்கரைச் சேற்றில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரம் நட அவர் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போகிறார்களாம், நட்டது நிற்குமா என்று சந்தேகம்.

அக்கா, சந்தேகம் நியாயம்தான். பாக்காவ் காய் நீளமாகக் குச்சி போல இருக்கும், பொறுக்குவதும் சுலபம், குத்தி வைப்பதும் சுலபம், அதனால் எங்கே பார்த்தாலும் அதையே குத்துகிறார்கள். ஆனால் அலையாத்தி மரங்களுக்கு நிலம் ஓத அளவால் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடலைப் பார்த்த முன்வரிசையில் பொதுவாக அப்பி-அப்பி என்கிற வகை, அதற்குப் பின்னால்தான் பாக்காவ். எந்நேரமும் தண்ணீர் மூடுகிற வெறும் சேற்றில் நட்டால் அலை பிடுங்கும், சிப்பி ஒட்டிக் கன்றைச் சாய்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்க நடத் தொடங்கியபோது இதெல்லாம் நன்றாகத் தெரிய வந்தது. சிலாங்கூரில் சுங்கை ஹாஜி டோரானியில் கடலுக்குள் மணல் அடைத்த நீளமான துணிப்பைகளைப் போட்டு முதலில் அலையை உடைத்தார்கள், சேறு படிய விட்டார்கள், அதன் பிறகு நட்டார்கள். பீட்டில் கால்வாயை அடைத்தது போலத்தான், தண்ணீர் முதலில், கன்று பிறகு.

உங்கள் பக்கத்திலிருந்து வடக்கே போக வேண்டாம், தெற்கே பேராக்கில் மாத்தாங். 40,000 ஹெக்டேர் அலையாத்திக் காடு, 1902 முதல் திட்டம் போட்டு, 30 வருடச் சுழற்சியில் வெட்டி, நட்டு, கரி சுட்டு விற்றுக்கொண்டே வைத்திருக்கிறார்கள். பயன்படுத்தினால் அழிந்துவிடும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

29 ஆகஸ்ட்

அக்கா மறுபடி கேட்கிறார், பள்ளியில் நான் போய் என்ன கேட்க வேண்டும் என்று. ஓதம் உச்சத்தில் இருக்கும்போது அந்த இடம் எத்தனை நேரம் மூழ்கிக் கிடக்கிறது, யாராவது பார்த்தார்களா. முன்பு அங்கே மரம் இருந்ததா, இருந்தால் ஏன் போனது. பக்கத்தில் தானாக முளைத்த கன்று இருக்கிறதா, இருந்தால் அங்கே நடவே வேண்டாம், மிதிக்காமல் இருந்தால் போதும். அடுத்த வருடம் அதே பிள்ளைகளைக் கூட்டி வந்து எண்ணுவார்களா. கடைசிக் கேள்விக்கு ஆசிரியர் முகம் மாறும், பரவாயில்லை, கேளுங்கள்.

30 ஆகஸ்ட்

தனியாகச் செய்தி அனுப்பி மெராந்திக் கன்று விலை கேட்டவருக்கு: இப்போது கையில் இல்லை. மஹாங் இருக்கிறது, மெராவான் கொஞ்சம் இருக்கிறது. நிலம் எங்கே, தண்ணீர் நிற்குமா, வடியுமா என்று முதலில் எழுதுங்கள், ஒரு கைப்பிடி மண்ணைப் பையில் போட்டு எடுத்து வந்தால் இன்னும் நல்லது. நாளை மெர்டேக்கா, சுதந்திர தினம், கடை மூடியிருக்கும்.